திருமணியில் ஒரு மருத்துவர்: டாக்டர் ராபர்ட் காக்ரேன் வரலாறு



ஜமாஅத்தின் ஆண்டு மலரில் முன்னோர் ஒருவரின் வரலாற்றை எழுதுவது வழக்கம். இமாம்கள், மார்க்க மேதைகள், வணிகப் பெருமக்கள் ஆகியோரைப் பற்றியே பெரும்பாலும் எழுதப்படும். இம்முறை நம் மார்க்கத்தைச் சாராத ஒருவரைத் தேர்ந்துகொண்டேன். அவர் ஸ்காட்லாந்துக் குடும்பத்தில் பிறந்த கிறிஸ்தவர், மிஷனரியின் மகன், தாமும் மிஷனரியாகவே இந்நாட்டுக்கு வந்தவர். ஆயினும் நம் செங்கல்பட்டு மண்ணில் அவர் செய்த பணியின் பயனை எல்லாச் சமயத்தாரும், நம் கடற்கரை ஊர்களின் குடும்பங்கள் உட்பட, அனுபவித்திருக்கின்றனர். அறிவும் நன்மையும் எங்கிருந்து வந்தாலும் அவற்றை ஏற்று நன்றி பாராட்டுவது முஃமினின் பண்பு என்று நம் பெரியோர் கற்பித்திருக்கின்றனர். அதனால் இதை எழுதுவதில் எனக்குத் தயக்கமில்லை.

செங்கல்பட்டு நகரை ஒட்டியிருக்கும் திருமணியை அறியாதவர் நம்மில் குறைவு. மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், புதுப்பட்டினம், கோவளம் ஆகிய ஊர்களின் மூத்த தலைமுறையினர் அவ்வூரின் பெயரைச் சற்றுத் தாழ்ந்த குரலில்தான் சொல்வார்கள். ஒருவர் திருமணிக்குப் போயிருக்கிறார் என்றால் போதும். என்ன நோய் என்று எவரும் கேட்பதில்லை. அந்நோயின் பெயரை உச்சரிப்பதையே அபசகுனமாக எண்ணிய காலம் அது. அரபியில் ஜுதாம் என்றும், தமிழில் பெருநோய், குட்டம் என்றும், இன்று தொழுநோய் என்றும் சொல்லப்படுவது அதுவே.

அந்நோய் மனிதனிடமிருந்து முதலில் எடுத்துக்கொள்வது தோலின் உணர்ச்சியை. சிவந்த அல்லது வெளிறிய ஒரு தேமல் தோன்றும். அதில் ஊசியால் குத்தினாலும் தெரியாது. அடுத்து, கைகால்களின் நரம்புகள் தடித்துச் செயலிழக்கும். விரல்கள் மடங்கும். உணர்ச்சியற்ற பாதத்தில் முள் தைத்தும், அடுப்பு நெருப்பு சுட்டும் புண்ணாகும். ஆனால் உடலின் இழப்பைவிடப் பெரிய இழப்பு ஒன்றிருந்தது. நோய் வந்தவன் வீட்டை இழந்தான். மனைவி மக்களை இழந்தான். கிணற்றடியையும் கடைத்தெருவையும் இழந்தான். கோயில் குளக்கரையிலோ தர்கா வாசலிலோ துணி விரித்து உட்காருவதே அவனுக்கு எஞ்சிய வாழ்க்கை. 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம், பிச்சையெடுத்துத் திரியும் நோயாளியைப் பிடித்து அடைத்துவைக்க அரசுக்கு அதிகாரம் அளித்திருந்தது. அதாவது நோயே குற்றமாக எண்ணப்பட்டது.

இந்நிலை இஸ்லாமிய வரலாற்றுக்குப் புதியதன்று. ஹிஜ்ரி முதல் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆட்சி செய்த உமையா கலீஃபா வலீத் இப்னு அப்துல் மலிக், திமிஷ்கில் தொழுநோயாளருக்கு அரசுக் கருவூலத்திலிருந்து உதவித்தொகை வழங்கி, அவர்கள் மக்களிடம் கையேந்தாமல் வாழ வகை செய்தார் என்று வரலாற்றாசிரியர் தபரீ பதிவு செய்திருக்கிறார். இப்னு ஸீனா தம் மருத்துவப் பெருநூலில் இந்நோயின் அறிகுறிகளை விரிவாக எழுதினார். நோயாளியை விட்டு விலகியிருக்கச் சொல்லும் ஹதீஸும் நம்மிடம் உண்டு. நபி (ஸல்) அவர்கள் ஒரு தொழுநோயாளியின் கையைப் பிடித்துத் தம்முடன் ஒரே தட்டில் உண்ணச் செய்ததாக வரும் அறிவிப்பும் உண்டு. பின்னதன் அறிவிப்பாளர் தொடரைப் பற்றி ஹதீஸ் கலை அறிஞர்கள் பேசியிருக்கின்றனர். இவ்விரண்டையும் எவ்வாறு இணைத்துப் பொருள் கொள்வது என்பது மதரஸாவில் நாங்கள் பல நாட்கள் பாடம் கேட்ட விஷயம். அதைப் பின்னர் சொல்கிறேன்.

ராபர்ட் கிரீன்ஹில் காக்ரேன் 1899ஆம் ஆண்டு சீனாவில் பிறந்தார். தந்தை தாமஸ் காக்ரேன் மருத்துவ மிஷனரி. 1900இல் வெளிநாட்டாருக்கு எதிராகச் சீனாவில் மூண்ட பாக்ஸர் கலகத்தின்போது, கைக்குழந்தைகளோடு அக்குடும்பம் உயிர் தப்பி ஓட நேர்ந்தது. அதே தந்தை மறுபடியும் சீனாவுக்கே திரும்பி, பீக்கிங் நகரில் 1906இல் திறக்கப்பட்ட மருத்துவக் கல்லூரியை உருவாக்கினார். தம்மைத் துரத்திய ஊருக்கே திரும்பிச் சென்று நோயாளிகளைத் தொட்ட தந்தையின் வீட்டில் வளர்ந்தவர் நம் மருத்துவர். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று, 1924இல் பட்டம் பெற்றவுடன் தொழுநோயாளருக்கான மிஷன் அமைப்பில் சேர்ந்து இந்தியாவுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 25.

கல்கத்தாவில் டாக்டர் எர்னஸ்ட் மியூர் என்பவரிடம் அவர் பாடம் கேட்டார். வங்கத்தை அடுத்த புருலியாவிலிருந்த பெரிய தொழுநோய் இல்லத்தில் பணியாற்றினார். மியூரின் முறை எளியது, ஆனால் ஆழமானது. நோயாளிக்கு மருந்தை மட்டும் கொடுத்தால் போதாது. வயிற்றுப் புழு, மலேரியா போன்ற உடனிருக்கும் நோய்களை முதலில் நீக்கவேண்டும். நல்ல உணவு வேண்டும். உடலுழைப்பு வேண்டும். படுக்கையில் முடங்கிக் கிடப்பவனைவிட மண்வெட்டியெடுத்துத் தோட்டத்தில் இறங்குபவன் விரைவில் தேறுகிறான் என்பது அவர் கண்ட அனுபவம். ஆகவே அக்காலத்துத் தொழுநோய் இல்லங்களில் வயலும் தோட்டமும் கைத்தொழிலும் சிகிச்சையின் பகுதிகளாகவே இருந்தன. சும்மா இருப்பவனை நோய் தின்னும் என்று நம் கிராமத்துப் பெரியவர்களும் சொல்வதுண்டு.

மருந்து என்று அன்றிருந்தது ஒரு மரத்தின் எண்ணெய். அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும்.

நம் சித்த வைத்தியர்கள் நீரடிமுத்து என்றும், மலையாளத்தார் மரோட்டி என்றும் சொல்லும் மரம் மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளில் நீரோடைகளின் ஓரமாக வளர்வது. அதன் காய் எலுமிச்சையைவிடப் பெரிதாக, தடித்த ஓட்டுடன் இருக்கும். உள்ளிருக்கும் விதைகளை ஆட்டினால் மஞ்சள் நிறமான, குமட்டும் மணமுள்ள எண்ணெய் கிடைக்கும். தோல் நோய்களுக்கும் பெருநோய்க்கும் இதைப் பூசுவதும் உள்ளுக்குக் கொடுப்பதும் நம் நாட்டின் பண்டை வழக்கம். ஆயுர்வேதப் பழநூல்கள் துவரகம் என்று குறிப்பது இதையே என்பர். வங்கத்திலும் பர்மாவிலும் இதே இனத்து மரங்களின் எண்ணெய் சால்முக்ரா என்று வழங்கியது. 1854இல் மௌவாட் என்ற ஆங்கிலேய மருத்துவர் அதைப் பற்றி எழுதிய பின்னரே மேனாட்டு மருத்துவம் அதைத் திரும்பிப் பார்த்தது.

வாய்வழியாக உண்ட எண்ணெயை வயிறு ஏற்பதில்லை, வாந்தி வரும். அதனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊசி வழியாகச் செலுத்தும் முறைகள் கண்டறியப்பட்டன. கல்கத்தாவில் லியோனார்ட் ராஜர்ஸும் மியூரும் அதில் முன்னின்றனர். கடல் கடந்து ஹவாய்த் தீவில் ஆலிஸ் பால் என்ற கறுப்பினப் பெண் வேதியியலாளர், எண்ணெயை உடல் ஏற்கும் வடிவமாக மாற்றும் வழியைக் கண்டார். 24 வயதிலேயே, 1916இன் இறுதியில் அவர் இறந்துபோனார். அவருடைய பெயர் பல்லாண்டுகள் மறைக்கப்பட்டிருந்தது. ஊசி முறையும் இலேசானதன்று. ஒவ்வொரு வாரமும் தேமல் உள்ள இடமெல்லாம் தோலுக்குள் சிறிது சிறிதாக ஏற்றவேண்டும். எரியும், வீங்கும், சிலருக்குச் சீழ் பிடிக்கும். அப்படியும் நோயாளிகள் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் வரிசையில் நின்று அதைப் பெற்றுக்கொண்டனர். நம்பிக்கைக்கு வேறு வாசல் அன்று திறந்திருக்கவில்லை.

அவ்வெண்ணெய் நோயைத் தீர்த்ததா? நேர்மையாகச் சொல்வதானால், தொடக்கநிலை நோயாளருக்கு ஓரளவு பயன் தெரிந்தது. உடலெங்கும் கிருமி பரவிய முற்றிய நோயாளருக்கு ஏறத்தாழப் பயனில்லை. குழந்தைகளின் உடலில் தோன்றும் ஆரம்பத் தேமல்களில் பெரும்பாலானவை மருந்தின்றியே மறைந்துவிடும் என்பதும் பின்னர் தெளிவாயிற்று. ஆகவே எண்ணெயால் குணமானதாகக் கருதப்பட்ட சிலர், உடலில் இறைவன் வைத்த காப்பு ஆற்றலாலேயே குணமாகியிருக்கக்கூடும். மூலிகை என்றால் எல்லாம் உண்மை என்பாரும், மூலிகை என்றால் எல்லாம் பொய் என்பாரும் இந்த எண்ணெயின் வரலாற்றைப் படிக்கவேண்டும் என்பது என் கருத்து. அது நோயை ஒழிக்கவில்லை. ஆனால் மருத்துவரும் நோயாளியும் வாரந்தோறும் ஓரிடத்தில் எதிரெதிரே உட்காரும்படி அது செய்தது. அந்தத் தொடர்பு இல்லையேல் பின்னர் வந்த உண்மையான மருந்தைக் கொடுப்பதற்கு ஆளும் இடமும் இருந்திருக்கா.

காக்ரேன் 1929 முதல் சில ஆண்டுகள் இலண்டனில் இருந்து, பிரிட்டிஷ் பேரரசின் தொழுநோய் நிவாரணச் சங்கத்தின் மருத்துவச் செயலாளராகப் பணியாற்றினார். 1931இல் மணிலா நகரில் கூடிய மாநாட்டில் உலகத் தொழுநோய் மருத்துவர்களின் சங்கம் உருவானபோதும் அவர் அதன் செயலாளர்களுள் ஒருவராயிருந்தார். அலுவலக மேசையிலேயே அவர் காலத்தைக் கழித்திருக்கலாம். ஆனால் 1935இல் திருமணிக்கு வந்து சேர்ந்தார்.

திருமணியில் அப்போதிருந்தது லேடி வெலிங்டன் தொழுநோய் மருத்துவமனை. 1919 முதல் 1924 வரை சென்னை மாகாண ஆளுநராயிருந்த வெலிங்டன் பிரபுவின் மனைவியின் பெயர் அதற்கு இடப்பட்டிருந்தது. அரசின் உதவியோடு ஸ்காட்லாந்துத் திருச்சபையின் மிஷன் அதை நடத்தியது. 1944 வரை காக்ரேன் அதன் தலைமை மருத்துவராயிருந்தார்.

திருமணியில் அவர் கவனம் செலுத்தியது குறிப்பாகக் குழந்தைகள் மீது. கிருமி பரவும் நிலையிலுள்ள பெரியவரோடு ஒரே வீட்டில் படுத்துறங்கும் குழந்தைக்கே ஆபத்து மிகுதி என்பதை அவர் வலியுறுத்தினார். சைதாப்பேட்டையில் குழந்தைகளுக்கென்று தனி மருத்துவ நிலையம் நடந்தது. நோயாளியை ஊரைவிட்டே துரத்துவதற்கு மாற்றாக, கிராமத்துக்கு வெளியே ஒரு குடிசை அமைத்து, பகலில் தன் நிலத்தில் உழைத்துவிட்டு இரவில் மட்டும் அங்கே சென்று தங்கும் ஏற்பாட்டையும் அவர் முன்வைத்தார். இன்று அதுவும் கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் பிடித்து அடைப்பதே சட்டமாயிருந்த காலத்தில், நோயாளி தன் நிலத்தையும் தன் பிள்ளைகளின் முகத்தையும் நாள்தோறும் பார்க்கலாம் என்பது பெரிய விடுதலை. தொற்றைத் தடுப்பதும் மனிதனைக் கைவிடாதிருப்பதும் ஒருசேர இயலும் என்பதற்கு அது ஒரு முயற்சி. நான் முன்னர் குறிப்பிட்ட இருவகை அறிவிப்புகளையும் இணைத்துப் பொருள் கூறிய நம் இமாம்களின் வழியும் ஏறத்தாழ இதுதான்: காரணங்களைப் பேணி விலகுவது எச்சரிக்கை, அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டி நெருங்குவது அனுமதி, நோயாளியை இழிவுபடுத்துவதோ இரண்டிலும் இல்லை.

1944இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தது. ஐடா ஸ்கடர் அம்மையார் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகத் தொடங்கிய அந்நிறுவனம், பட்டக் கல்லூரியாக உயர்ந்தால்தான் நிலைக்கும் என்ற நெருக்கடியில் இருந்தது. அந்நெருக்கடியைக் கடந்ததில் காக்ரேனுக்குப் பங்குண்டு. 1948 வரை அங்கிருந்தபோதும் திருமணியின் தொடர்பை அவர் விடவில்லை.

இக்காலத்தில்தான் அவருடைய வாழ்வின் பெரிய காரியம் நடந்தது. அமெரிக்காவில் கார்வில் என்ற ஊரின் தொழுநோய் மருத்துவமனையில் 1941இல் ஃபேஜட் என்ற மருத்துவர், சல்ஃபோன் வகை மருந்தொன்றைக் கொடுத்து, முற்றிய நோயாளரும் தேறுவதைக் கண்டார். ஆனால் அம்மருந்தை நாள்தோறும் நரம்பூசி வழியே செலுத்தவேண்டும், விலையும் அதிகம். ஏழை நாட்டுக் கிராமவாசிக்கு அது எட்டாக்கனி. அதன் மூலப்பொருளான டாப்சோன் 1908இலேயே ஜெர்மனியில் உருவாக்கப்பட்டிருந்தும், மனித உடலுக்கு நஞ்சாகும் என்ற அச்சத்தால் ஒதுக்கப்பட்டிருந்தது. அதை மாடுகளின் மடிநோய்க்குக் கொடுத்துப் பயன் கண்டிருந்தனர். மாடு தாங்கும் மருந்தை மனிதனும் அளவறிந்து தாங்கக்கூடும் என்று காக்ரேன் கருதினார். 1946இல் அதை எண்ணெயில் கலந்து ஊசியாகச் செலுத்திப் பார்த்தார். மரத்து எண்ணெயை ஊசியேற்றிப் பழகிய கைகளே புதிய மருந்தையும் அவ்வழியில் ஏற்றின. டாக்டர் ராமானுஜம் உள்ளிட்ட நம் நாட்டு மருத்துவர்கள் அவரோடு உழைத்தனர். முடிவுகள் 1949இல் வெளியாயின. பின்னர் நைஜீரியாவில் ஜான் லோ என்பவர், அதே டாப்சோனைச் சிறு மாத்திரையாக வாய்வழி கொடுத்தாலே போதும் என்று நிறுவினார். சில காசுகள் பெறும் மாத்திரை, ஆயிரமாயிரம் ஆண்டுகளின் நோயைத் திருப்பி நிறுத்தியது. ஒவ்வொரு நோய்க்கும் மருந்தை அல்லாஹ் இறக்கியே வைத்திருக்கிறான் என்ற நபிமொழியின் கருத்தை நாம் மிம்பரில் சொல்கிறோம். அம்மருந்தைத் தேடியெடுக்க யாரேனும் ஒருவர் தம் வாழ்நாளைக் கொடுக்கவேண்டியிருக்கிறது.

கிருமி ஒழிந்தாலும் மடங்கிய விரல் நிமிராதே! வீடு திரும்பியவனைக் கண்டு ஊர் அஞ்சுவது அவன் கைகளைப் பார்த்துத்தானே! காக்ரேன் தோல் நோய் மருத்துவர். இது அவர் கலைக்கு அப்பாற்பட்டது. அவர் அழைப்பின் பேரில் 1946இன் இறுதியில் வேலூருக்கு வந்திருந்தார் பால் பிராண்ட் என்ற இளம் அறுவை மருத்துவர். அவர் நம் கொல்லிமலையில் 1914இல் பிறந்தவர். மருத்துவம் பயிலும் முன் தச்சு வேலையும் கட்டட வேலையும் முறையாகக் கற்றவர். 1947இல் அவரைக் காக்ரேன் திருமணிக்கு அழைத்துச் சென்றார். வளாகத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டே தேமல்களின் வகைகளை விளக்கிவந்தார். பிராண்டின் கண்களோ நோயாளிகளின் கைகளையே பார்த்திருந்தன. ஓர் இளைஞன் தரையில் உட்கார்ந்து, விரல்களால் இயலாமல் உள்ளங்கைக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே செருப்பு வாரை இடுக்கி இழுக்க முயன்றுகொண்டிருந்தான். இக்கைகளுக்கு என்ன செய்யப்பட்டிருக்கிறது என்று பிராண்ட் வினவினார். எதுவும் செய்யப்படவில்லை என்பதே விடை. விபத்தாலும் இளம்பிள்ளை வாதத்தாலும் ஊனமுற்றோரைவிட மிகுதியானோர் இந்நோயால் ஊனமுற்றிருந்தும், உலகின் எலும்பு மருத்துவர் ஒருவரும் இதை ஆராய முன்வரவில்லை என்பதைக் காக்ரேன் எடுத்துரைத்தார்.

பிராண்ட் அந்த இளைஞனின் மடங்கிய கைக்குள் தம் கையை வைத்து, இயன்றவரை அழுத்தச் சொன்னார். வலுவற்றிருக்கும் என்று எண்ணிய கையின் பிடி அவரை வலியால் துடிக்கச் செய்தது. அழுத்துபவனுக்கு உணர்ச்சி இல்லாததால் தான் எவ்வளவு அழுத்துகிறான் என்பது தெரியவில்லை. அந்த வலியே வழிகாட்டியது. கையின் சிறு தசைகள் செத்துவிட்டன. ஆனால் முழங்கைக்குக் கீழுள்ள பெரிய தசைகள் முழு வலிமையோடு உயிரோடிருக்கின்றன. எனில், அவற்றின் தசைநாண் ஒன்றைத் திருப்பி விரல்களோடு இணைத்தால் விரல் நிமிருமே! 1948இல் வேலூரில் அவ்வறுவை சிகிச்சை தொடங்கியது. பின்னர் உலகமெங்கும் பரவியது. நம் திருமணியின் மண்ணில் நிகழ்ந்த ஒரு கைகுலுக்கலில் அது கருக்கொண்டது என்பதை நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும்.

நிமிர்ந்த விரலைக் கொண்டு என்ன செய்வது என்ற வினா அடுத்து எழுந்தது. பிச்சை எடுத்துப் பழகியவனுக்கு நிமிர்ந்த கை வருமானத்தைக் குறைத்தது என்பதே கசப்பான உண்மை. பரிதாபப்பட்டுக் காசு போட்டவர்கள் இப்போது போடவில்லை. அதனால் 1951இல் வேலூரில் நவஜீவ நிலையம் என்ற சிறு கிராமம்போன்ற இல்லத்தைப் பிராண்ட் அமைத்தார். அங்கே நோயாளிகள் தச்சுக் கலை பயின்று மரப் பொம்மைகள் செய்தனர். ஒரு பொம்மைக்குச் சக்கரம் செதுக்கி, வழவழப்பாக்கி, வண்ணம் தீட்டும்போது விரல் பழகுகிறது, மனமும் பழகுகிறது. உணர்ச்சியற்ற கையை உளி காயப்படுத்தாமலிருக்கக் கண்ணால் காவல் காக்கும் பழக்கமும் அங்கேதான் வந்தது. கலை என்பது பொழுதுபோக்கு என்று நினைப்போருக்கு இது வேறொரு பொருளைத் தரும்.

காக்ரேன் 1950களில் இங்கிலாந்துக்குத் திரும்பி அந்நாட்டுச் சுகாதார அமைச்சகத்துக்குத் தொழுநோய் ஆலோசகரானார். அவர் தொகுத்த பெருநூல் 1959இல் வெளிவந்து நெடுங்காலம் இத்துறையின் பாடநூலாயிருந்தது. 1985இல் அமெரிக்காவில் காலமானார். அவர் விட்டுச்சென்ற திருமணி மருத்துவமனையை 1955இல் இந்திய அரசு ஏற்று, மத்திய தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையமாக ஆக்கியது. அதே ஆண்டில் மதுராந்தகத்துக்குத் தெற்கே பொலம்பாக்கத்தில் பெல்ஜிய மருத்துவர் ஹெமெரிக்ஸ் மற்றொரு நிலையத்தைத் தொடங்கினார். நோயாளி மருத்துவமனையைத் தேடி வருவதற்கு மாறாக, மருத்துவர் குறித்த கிழமையில் கிராமத்துச் சாலையோர மரத்தடிக்குச் செல்வார். மேசை ஒன்றைப் போட்டு டாப்சோன் மாத்திரைகளைக் கொடுப்பார். சுவரும் கதவும் இல்லாத அந்த மரத்தடியில் நோயாளி ஒளிந்துகொள்ளவும் தேவையில்லை. ஊர் அவனை ஒளிக்கவும் முடியவில்லை. பல கிராமங்களில் அச்சம் தணிந்தது அந்த மரநிழலில்தான்.

டாப்சோன் ஒன்றை மட்டுமே கொடுத்ததால் கிருமிகள் அதற்குப் பழகிவிட்டன. எனவே 1981இல் உலக சுகாதார நிறுவனம் மூன்று மருந்துகளைச் சேர்த்துத் தரும் கூட்டு மருந்து சிகிச்சையைப் பரிந்துரைத்தது. ஆறு மாதமோ ஓராண்டோ உண்டால் நோய் நீங்கும், மருந்து இலவசம், உண்ணத் தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குத் தொற்றும் நிலை போய்விடும். 2005இன் இறுதியில் இந்தியா பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை அடைந்தது. ஆயினும் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு லட்சம் புதிய நோயாளர் நம் நாட்டில் கண்டறியப்படுகின்றனர். உணர்ச்சியற்ற தேமல் ஒன்று உடலில் தோன்றினால் வெட்கப்பட்டு மறைக்காமல் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். தாமதித்தால் நரம்பு போனது போனதுதான்.

இப்போது நம் பள்ளிவாசலின் விஷயத்துக்கு வருகிறேன். விரல் மடங்கிய முதியவர் ஒருவர் ஜும்ஆவுக்கு வந்து ஸஃப்பில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு இருபுறமும் ஒரு முழம் இடைவெளி விழுவதைப் பல ஊர்களில் கண்டிருக்கிறேன். சிலர் உளூச் செய்யும் ஹவ்ளிலும் அவர் எழுந்து போகும்வரை காத்திருக்கின்றனர். தொழுநோயாளி ஜமாஅத்துக்கு வருவதைத் தடுக்கலாம் என்று எழுதிய ஃபிக்ஹு நூல்கள் உள்ளன, மறுப்பதற்கில்லை. ஆனால் அச்சட்டத்தின் காரணம் என்ன? பிறருக்குத் தீங்கு நேரும் என்ற அச்சம். மருந்துண்டு குணமானவரிடம் அந்தக் காரணம் இல்லை. மடங்கிய விரல் நோயன்று. ஆறிய புண்ணின் வடு. காரணம் நீங்கியபோது சட்டமும் நீங்கும் என்பது உஸூலின் பாலபாடம். தோளோடு தோள் சேர்ந்து நில்லுங்கள் என்று ஒவ்வொரு தொழுகைக்கும் முன் நாம் சொல்வது அவருக்கும் அவர் பக்கத்தில் நிற்பவருக்கும் சேர்த்துத்தான். இதில் ஐயமுள்ள சகோதரர்கள் என்னை நேரில் சந்தித்தால் நூல்களை எடுத்துக் காட்டுவேன்.

நாட்டின் சட்டங்களும் மெல்லத்தான் மாறின. நோயாளியைப் பிடித்தடைக்க வகை செய்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. நம் பெண்கள் மணவிலக்குக் கோருவதற்கான காரணங்களை வகுத்த 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்தில், கணவனுக்குத் தொழுநோய் இருப்பதும் ஒரு காரணமாக எழுதப்பட்டிருந்தது. பிற சமயத்தாரின் திருமணச் சட்டங்களிலும் அவ்வாறே இருந்தது. 2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அவையனைத்திலிருந்தும் அச்சொல்லை எடுத்துவிட்டது. டாப்சோன் ஊசி முதன்முதலில் செலுத்தப்பட்டு அப்போது 73 ஆண்டுகள் ஆகியிருந்தன.